சவரிமுத்துவின் உள்ளங்கை

அக்டோபர் 21, சனி

காலை இட்லி நான்கு, சட்னி. மதியம் கல்யாண வீட்டுச் சாப்பாடு, அளவோடு. இனிப்பு தொடவில்லை.

(டாக்டரம்மா, சர்க்கரைக்காகத் தினமும் சாப்பிட்டதை எழுதி வரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் பக்கம் பெரிதாக இருக்கிறது. நான்கு இட்லியை எழுதினால் மீதியெல்லாம் காலியாகக் கிடக்கிறது. வீணாக்க மனமில்லாமல் மற்றதையும் எழுதுகிறேன். அதை நீங்கள் படிக்க வேண்டாம்.)

இன்று சவரிமுத்துவின் மகள் ரெக்சிக்குக் கல்யாணம். சவரியும் நானும் சேர்ந்து கோவில்பட்டியில் சுடர் ஸ்டுடியோவைத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் போட்டோ, அவன் வீடியோ. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே பேச்சு எடுபடாது. அதனால் எங்களுக்குள் கைப்பேச்சுதான். அவன் உள்ளங்கையை நிமிர்த்தினால் 'நில்லுங்க', சாய்த்தால் 'அந்தப் பக்கம் போங்க', விரல்களை மடக்கினால் 'தணிந்து எடுங்க'. கண்ணை கேமராவிலிருந்து எடுக்காமலே அந்தக் கை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஊரில் பாதிப்பேர் தாலி கட்டியதைப் படம் பிடித்தவனுக்கு, ஃப்ளெக்ஸில் போட அவனுடைய படம் ஒன்று தேடினால் ஆதார் அட்டையில் இருப்பதைத் தவிர வேறு கிடையாது. அதில் அவன் திருட்டு வழக்கில் பிடிபட்டவன் மாதிரி இருக்கிறான். இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோட்டுப் போட்டுக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்தான். "கோட்டு உன்னப் போட்டிருக்கா, நீ கோட்டப் போட்டிருக்கியா?" என்று கேட்டேன். முறைத்தான்.

மாதா கோயிலில் புதிதாக வந்திருக்கும் சாமியார் கறாரான மனிதர். வீடியோ கூடாது, லைட் கூடாது, செல்போனை எல்லோரும் பைக்குள் வைக்க வேண்டும், ஒரே ஒரு கேமராதான் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு கேமரா என்னுடையது. வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மகளைக் கைப்பிடித்துச் சவரி நடந்து வந்ததை நான் எடுத்தேன். இன்று என்னவோ, கோணமும் வெளிச்சமும் சொல்லி வைத்தாற்போல் அமைந்தன. இவ்வளவு நன்றாக நான் எடுத்ததே இல்லை என்று என் வாயாலேயே சொல்லிக்கொள்ளலாம்.

ரெக்சியின் அம்மா அமலோற்பவம் இருந்து பார்த்திருக்க வேண்டும். பிள்ளை இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டால் ரெக்சி நேரே ஸ்டுடியோவுக்குத்தான் வருவாள். வீட்டுப்பாடம் எழுதியது எங்கள் மேக்கப் அறையில். தலை பின்னிவிட்டது என் வீட்டுக்காரி கோமதி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது இங்கே எழுத வேண்டிய விஷயம் இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

காலை தோசை மூன்று. மதியம் சோறு, புளிக்குழம்பு. இரவு கோதுமைக் கஞ்சி.

நாளை ஆயுத பூஜை. ஸ்டுடியோவை நானே கூட்டித் துடைத்தேன். சவரி மறுவீட்டு வேலையாகச் சாத்தூரில் சம்பந்தி வீட்டில் இருக்கிறான். செவ்வாய்க்கிழமைதான் திரும்புவானாம். ஒட்டடை அடிக்க அவனை மாதிரி உயரமான ஆள் கிடையாது. பிடரி வலிக்கிறது.

வரவேற்பில் எடுத்த மெமரி கார்டை நேற்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். கோயிலில் எடுத்த கார்டை ஏற்றவில்லை, வேண்டுமென்றேதான். விஜயதசமி அன்று மறுபூஜை முடிந்ததும் முதல் வேலையாக ரெக்சியின் படத்தை ஏற்றலாம் என்று வைத்திருக்கிறேன். நல்ல நாளில் நல்லதை வைத்துத் தொடங்கினால் வருஷம் முழுக்க வேலை வரும் என்பது என் கணக்கு. கோமதிக்கும் இதில் சம்மதம்.

அக்டோபர் 23, திங்கள்

காலை இட்லி மூன்று. பொரிகடலை கொஞ்சம். (அது இனிப்பில் சேராது.) சுண்டல்.

பூஜை நன்றாக நடந்தது. கேமராக்கள், லென்ஸ்கள், ஸ்டாண்டு, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஆல்பம் வெட்டும் கத்தி, ஸ்கூட்டர், ஸ்டேப்ளர் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். ரெக்சியின் கார்டைச் சரஸ்வதி படத்தின் காலடியில் வெற்றிலை மேல் வைத்து அதற்கும் ஒரு பொட்டு. நமக்குச் சோறு போடுவதில் பெரிது சிறிது பார்க்கக் கூடாது.

சவரி இல்லாமல் நடந்த முதல் பூஜை இது. அவன் வேதக்காரன்தான். ஆனாலும் வருஷம் தவறாமல் வந்து நிற்பான். கும்பிட மாட்டான். நான் சந்தனக் கிண்ணத்தோடு கேமரா பக்கம் போனதும் அவன் உள்ளங்கை குறுக்கே வந்து லென்ஸை மூடிக்கொள்ளும். "மேல வைங்க அண்ணாச்சி, கண்ணுல வச்சிராதீங்க" என்பான். பிறகு பொரியை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு போவான். இந்த வருஷம் பொரி அப்படியே மீந்து கிடக்கிறது.

அக்டோபர் 24, செவ்வாய்

காலை பொங்கல். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுபூஜை முடித்து எல்லாப் பொட்டையும் ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு ரெக்சியின் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினேன். வழக்கமாக வரும் டிங் என்ற சத்தம் வந்தது. ஃபோல்டர் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இந்தக் கார்டை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது.

வேண்டாம் என்று அமுக்கி, எடுத்து, திரும்பச் செருகினேன். அதே கேள்விதான். கேமராவில் போட்டால் கார்டு எரர் என்கிறது.

நல்ல நாளும் அதுவுமாக இப்படி.

அக்டோபர் 25, புதன்

காலை இட்லி இரண்டு.

வேறு ரீடரில் போட்டுப் பார்த்தேன். லேப்டாப்பில் பார்த்தேன். எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அங்கே டிங் சத்தம்கூட வரவில்லை. கார்டின் ஓரத்தில் இருக்கும் பூட்டை மேலும் கீழும் தள்ளினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கெட்டுப்போன கார்டைச் சரியாக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கினேன். அது நெடுநேரம் யோசித்துவிட்டு, கார்டே இல்லை என்று கையை விரித்தது. கார்டு என் கண்முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது.

ஜெராக்ஸ் கடைக்காரர் அது கேட்கிறபடி ஃபார்மேட் கொடுத்துவிட்டு அப்புறமாக மீட்டுக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்குத் தீ வைத்துவிட்டுச் சாமானைத் தேடச் சொல்கிறார். இருந்தாலும் ஒருமுறை அம்புக்குறியைச் 'சரி' என்பதன் மேல் கொண்டுபோய் வைத்தேன். துணிவு வராமல் எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் சவரி போன் செய்தான். ரெக்சி, மாப்பிள்ளை ஆன்டோ, சம்பந்திகள் என்று எல்லாக் கதையும் சொல்லிவிட்டு, வைக்கப்போகும்போது, "அண்ணாச்சி, கோயில்ல எடுத்ததுல ஒண்ணே ஒண்ணு மட்டும் பெருசாப் போட்டுக் குடுங்க. கல்லறத் திருநாளுக்கு அவட்ட வைக்கணும்" என்றான்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வருஷாவருஷம் அமலோற்பவத்தின் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவான். நானும் கோமதியும் போவோம். சவரிக்குக் கல்யாணம் ஆனது இதே கோயிலில்தான். ரெக்சிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, "இவளும் இந்தத் தரையிலதான் நடந்து வரணும், நான் பாக்கணும்" என்று அமலோற்பவம் சொன்னாளாம். சவரி இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். அதனால் அவனுக்கு வரவேற்புப் படம் போதாது. கோயில் படம்தான் வேண்டும்.

"ஆகட்டும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்டோபர் 26, வியாழன்

கார்டு அப்படியே இருக்கிறது. நானும்.

அக்டோபர் 27, வெள்ளி

காலை உப்புமா. மதியம் சோறு, சாம்பார். கடலைமிட்டாய் ஒன்று. சின்னது.

சவரி வேலைக்கு வந்துவிட்டான். வந்ததும் மீந்த பொரியைக் கேட்டான். நமுத்துப் போயிருந்தது. அதையும் தின்றான்.

படம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டான். கலர் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் மொத்தமாகப் பார், பாதியில் பார்த்தால் ரசிக்காது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். இவ்வளவு காலத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய்யாக இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பெரிய கஷ்டம் இல்லை. அந்தச் சோற்றை எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டம். இருவரும் மதியம் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். அவன் கொண்டுவந்த மீன் குழம்பில் எனக்கும் ஊற்றினான்.

கோமதியிடம் சொன்னேன். "தம்பிகிட்ட சொல்லிர வேண்டியதான?" என்றாள். சொல்லலாம். சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

அக்டோபர் 28, சனி

பஸ்ஸில் போகும்போது வேர்க்கடலை. மதுரையில் சாப்பாடு, அளவு பார்க்கவில்லை.

ஆல்பம் தாள் வாங்கப் போகிறேன் என்று சவரியிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். அழிந்த தகவலை மீட்டுத் தரும் கடை ஒன்று அங்கே இருக்கிறது. ஏசி, கண்ணாடிக் கதவு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கார்டை வாங்கிய இளைஞர் மரியாதையாகப் பேசினார். மிஷினில் செருகிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் சிப் போயிருக்கலாம், இரண்டு மூன்று நாள் விட்டுப் போங்கள் என்றார். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிற மாதிரி வந்தேன்.

ஆல்பம் தாளும் வாங்கினேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

அக்டோபர் 29, ஞாயிறு

காலை ஆப்பம். அதிரசம் இல்லை. ரெக்சி கொண்டுவந்த பலகாரம் கோமதிக்கு.

ரெக்சியும் ஆன்டோவும் சவரியோடு எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். ஆன்டோவுக்கு ஹைதராபாத்தில் வேலை. அடுத்த ஞாயிறு கிளம்புகிறார்கள். நல்ல பையன், குனிந்து பரிமாறுகிறான். வரவேற்புப் படங்களைக் காட்டினேன். ரெக்சிக்கு ரொம்பப் பிடித்தது. கோயில் படத்தைக் கேட்டாள். கலர் பார்க்கிறேன் என்றேன். "எத்தன நாளு பெரியப்பா கலர் பாப்பீங்க?" என்று சிரித்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பாவைத் தனியாக விட மனமில்லை, தீபாவளி முடிந்ததும் டிக்கெட் போட்டு ஹைதராபாத்துக்கே கூட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். சவரி மீனில் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

நல்லதுதான். வயதான காலத்தில் பிள்ளையோடு இருப்பதுதான் முறை. அவனுக்கு இந்த வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஸ்டுடியோவின் முன்கதவு கீல் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட ஆளில்லை. இந்த வீட்டிலும் கடையிலும் எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 30, திங்கள்

மழை. பாஸ்போர்ட் போட்டோ ஆறு பேர்.

அக்டோபர் 31, செவ்வாய்

காலை ஒன்றும் இல்லை. மதியமும் சரியாக இல்லை. சாயங்காலம் அல்வா. நிறைய.

மதுரையிலிருந்து போன் வந்தது. ஒன்றும் மீட்க முடியவில்லையாம். போய்க் கார்டை வாங்கிக்கொண்டு வந்தேன். சின்ன நெகிழி உறையில் போட்டு, மேலே என் பெயரெழுதிக் கொடுத்தார்கள். பஸ் முழுக்க அதைச் சட்டைப்பையில் வைத்து, கையால் பொத்திக்கொண்டே வந்தேன்.

வரும் வழியில் புத்தி குறுக்கே போனது. எங்கள் தொழிலில் ஒட்டு வேலை சகஜம். செத்துப்போன தகப்பனைக் குடும்பப் படத்தில் நிறுத்தச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், நிறுத்தியிருக்கிறேன். இதையும் செய்தால் என்ன? போன வருஷம் அதே கோயிலில் ஒரு கல்யாணம் எடுத்திருந்தேன். வந்து சேர்ந்ததும் அந்தப் படத்திலிருந்து கோயிலை எடுத்து, வரவேற்பில் நின்ற ரெக்சியைக் கொண்டுவந்து நிறுத்தி, பக்கத்தில் சவரியை வைத்தேன். இரண்டு மணி நேர வேலை. அச்சு அசலாக வந்தது. எனக்கே திருப்தி.

கோமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தாள்.

"தம்பி மொகத்துல அழுகையே இல்லையே. அன்னைக்கு அழுதுக்கிட்டுல்லா வந்தாரு" என்றாள். பிறகு, "அமலம்மாகிட்டயா இத வைக்கச் சொல்லுதீங்க?" என்று கேட்டாள்.

அழித்துவிட்டேன். சவரியும் பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பான், வெளிச்சம் எந்த ஜன்னலிலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியாதா? ஆனால் நான் அழித்தது அதற்காக இல்லை. உயிரோடு இருக்கிறவனை ஏமாற்றலாம், சண்டை போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். அவளிடம் போய் யார் மன்னிப்புக் கேட்பது?

நாளை சொல்லிவிடுவேன்.

நவம்பர் 1, புதன்

என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை.

காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு காதுகுத்துக்காரர் ஆல்பத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு கரண்ட் போனது. பிறகு எனக்கே வேறு வேலைகள் ஞாபகம் வந்தன. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து, சவரி ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவன் முதுகைப் பார்த்தபடி சொன்னேன்.

"சவரி. கோயில்ல எடுத்த கார்டு தெறக்கல."

துடைப்பதை நிறுத்தினான். திரும்பவில்லை.

மதுரைக்குப் போனது, ஆல்பம் தாள், கலர் பார்த்தேன் என்றது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஒட்டு வேலையைக்கூடச் சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. அவன் துணியை மடித்து வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"ஃபார்மேட் அடிச்சீயளா?"

"இல்ல."

"அப்பம் உள்ளதான் இருக்கும்."

அவ்வளவுதான். கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம். கையை நீட்டினான். கார்டைக் கொடுத்தேன். உறையிலிருந்து எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். பிறகு, மீன் வாங்குகிறவன் செவுளை முகர்ந்து பார்க்கிற மாதிரி, அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான்.

"அண்ணாச்சி, இதப் பூசைல வச்சீயளோ?"

"ஆமா."

"பொட்டு?"

"வச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"பொன்னா மின்னுத பக்கம்" என்றேன். "அதான அதுக்கு மொகம்?"

சவரி என்னைப் பார்த்தான். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டான். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருசம். ஒரே ஒரு வருசம் நான் வரல" என்றான்.

பொன் நிறத் தகடு, அதன்மேல் மஞ்சள் சந்தனம். ஈரத்துணியால் துடைத்தபோது மேலே இருந்தது போயிருக்கிறது. தகடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் மீதி இறங்கிக் காய்ந்துவிட்டது. தங்கத்தின் மேல் மஞ்சள் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? நானும் ஜெராக்ஸ்காரரும் மதுரைக் கண்ணாடிக் கதவுக்காரரும் கார்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம். மேலே யாரும் பார்க்கவில்லை. என் கை என்ன செய்யும் என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவனிடம் மட்டும் சொல்லாமல் ஊர் சுற்றினேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

மேஜையிலிருந்த பென்சில் ரப்பரை எடுத்து, நுனியைச் சீவி, அழுத்தாமல் தகடுகள் மேல் தேய்த்தான். ரப்பர் மஞ்சளானது. லென்ஸ் துடைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து இன்னொரு முறை தேய்த்தான். அறை முழுக்கச் சந்தன வாசம் வந்தது. வாயால் ஊதினான். செருகினான்.

டிங்.

இந்தமுறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஃபோல்டர் திறந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாக எல்லாம் வரிசையாக வந்தன. ரெக்சியின் வெள்ளைச் சேலை, தலையில் கிரீடம், பீடத்து மெழுகுவத்திகள், அந்தக் கோட்டு. நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒன்றொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். வாசலிலிருந்து இருவரும் நடந்து வருகிறார்கள். ரெக்சியின் கை அவன் வலது முழங்கையில். கண்ணெல்லாம் நீர். அடுத்த படம், அதற்கடுத்த படம். நாலைந்து படம் தாண்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. சவரியின் இடது கை தொடையோரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை சாய்ந்திருக்கிறது. அடுத்ததில் விரல்கள் மடங்கியிருக்கின்றன. இன்னொன்றில், பீடத்துக்குச் சற்று முன்னால், உயர்ந்த ஜன்னலின் வெளிச்சம் அப்பன் மகள் இருவர் முகத்திலும் ஒருசேர விழும் இடத்தில், உள்ளங்கை நிமிர்ந்திருக்கிறது. நில்லுங்க.

நின்றிருக்கிறேன். எடுத்திருக்கிறேன். சொன்னதைக் கேட்டது எனக்கே தெரியாது. சொன்னது அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மகளைக் கொடுக்கப் போகிறவன், அழுதுகொண்டே போகிறவன், எனக்கு இடம் காட்டிக்கொண்டு போயிருக்கிறான். அன்றைக்குச் சொல்லி வைத்தாற்போல் அமைந்தது என்று எழுதினேன் அல்லவா, சொல்லித்தான் வைத்திருக்கிறான்.

"அசிங்கமா இருக்கு. இதெல்லாம் அழிச்சிருங்க" என்றான். முகம் சிவந்துவிட்டது. ரெக்சி மட்டும் இருக்கும் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனான்.

முதலில் எல்லாவற்றையும் மூன்று இடத்தில் காப்பி எடுத்தேன். பிறகு இரண்டு படம் அச்சுப் போட்டேன்.

நவம்பர் 2, வியாழன்

காலை இட்லி நான்கு. மதியம் சவரி வீட்டில் சாப்பாடு. பாயாசம் ஒரு டம்ளர். உண்மையைச் சொல்வதென்றால் இரண்டு.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். தூறல் விழுந்துகொண்டே இருந்தது. மெழுகுவத்திகளுக்குக் கொட்டாங்கச்சியை மறைப்பாக வைத்திருந்தார்கள். படம் நனையாமல் இருக்கக் கண்ணாடித்தாள் உறை போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கோமதி செவ்வந்தி மாலை கட்டியிருந்தாள். ரெக்சியும் ஆன்டோவும் முழந்தாளிட்டு ஜெபித்தார்கள்.

சவரி உறையைப் பிரித்து, மகள் படத்தைச் சிலுவையில் சாய்த்து வைத்தான். "பாரு, ஒம்பிள்ளைய" என்றான், பக்கத்து அறையில் இருப்பவளிடம் சொல்வது போல. அப்போதுதான் அடியில் இன்னொரு படம் இருப்பதைப் பார்த்தான். அப்பனும் மகளும், ஜன்னல் வெளிச்சமும், நிமிர்ந்த கையும். சட்டென்று உறைக்குள் தள்ளப் பார்த்தான். நான் வாங்கி முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஒன் புத்தி அவளுக்குத் தெரியாதாக்கும்?" என்றேன்.

ரெக்சி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடிதான் ஆனது. மேக்கப் அறையில் வீட்டுப்பாடம் எழுதியவள், அந்தக் கைப்பேச்சு அவளுக்கும் தாய்மொழி. "அப்பா" என்றாள். ஆல்பத்தின் அட்டைக்கு இந்தப் படம்தான் என்று பிறகு தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

சவரி அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மற்றவர்கள் கல்லறைகளை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. எழுதிவிட்டேன், டாக்டரம்மா படித்தாலும் படிக்கட்டும்.

நவம்பர் 5, ஞாயிறு

காலை தோசை. மற்றது வழக்கம்போல்.

ரெக்சியையும் ஆன்டோவையும் ரயிலேற்றிவிட்டு வந்தோம். அப்பாவுக்குத் தீபாவளி கழித்து டிக்கெட் போடுகிறேன் என்று ஜன்னல் வழியாக மறுபடியும் சொன்னாள். ரயில் போன பிறகு, ஹைதராபாத்தில் இப்போது குளிர் எப்படியாம் என்று சவரியிடம் சும்மா கேட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்றான்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. வரும் வழியில் அவனுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். நான் சாப்பிடவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

காலை இட்லி ஐந்து, கறிக்குழம்பு. அதிரசம் மூன்று. முறுக்கு கணக்கில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

நிமிர்ந்த கைப் படத்தை நேற்றே பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, ஸ்டுடியோவின் வரவேற்புச் சுவரில் மாட்டிவைத்திருந்தேன். கல்யாணத்தைப் படம் எடுக்கச் சொல்லி வருகிறவர்கள் முதலில் பார்க்கட்டும், படம் எடுப்பது என்றால் என்ன என்று. இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, கடையிலும் ஒரு விளக்கேற்றலாம் என்று கோமதியோடு போனேன். சவரி எங்களுக்கு முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்திருந்தான். கதவு சத்தம் போடவில்லை. படத்தைப் பார்த்திருப்பான்.

பிள்ளையார் படத்துக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். சரஸ்வதிக்கு வைத்தேன். லட்சுமிக்கு வைத்தேன். சந்தனம் தொட்ட விரல் அதுபாட்டுக்கு அடுத்த சட்டத்துக்குப் போனது. படத்தில் இருக்கும் சவரியின் நெற்றிக்கு ஓரங்குலம் முன்னால், குறுக்கே ஓர் உள்ளங்கை வந்து கண்ணாடியை மூடிக்கொண்டது.

கோமதி, "ஐயோ, செத்தவங்களுக்குல்லா படத்துல பொட்டு வைப்பாங்க" என்று என் தோளில் அடித்தாள்.

"அதான் மதினி" என்றான் சவரி. கையை எடுக்காமலே என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, நான் இன்னும் இங்கதான இருக்கேன்."